ஒரு கடல், நாலு சீல்

கிழக்கிலங்கையில், பெரியகல்லாற்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஒரு நேர்த்தி. சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரே பயணத்தில் போய்வர வேண்டும். விமானம் என்றால் பயம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் கடவுச்சீட்டு எடுத்து, விசா எடுத்து, ராத்திரி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், விடிய முதலே துறைமுக வாசலில் நின்றுவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

பெயர் அழகம்மா. டிக்கெட்டை இணையத்தில் எடுத்துக் கொடுத்தவர் திருச்சியில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பையன். கடவுச்சீட்டில் அழகம்மாவின் 'ழ' எழுத்துக்கு 'எல்' போட்டிருக்கிறது. பையன் தன் ஊர் வழக்கப்படி 'இசட் எச்' போட்டுவிட்டான். பயணிகள் பட்டியலோடு நின்ற இளைஞர் ஒரு கையில் கடவுச்சீட்டையும் மறு கையில் பட்டியலையும் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, லிஸ்டில உங்கட பேர் வேற மாதிரிக் கிடக்கு" என்றார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "என்ன மனே சொல்றார்? நான் அழகம்மாதானே?" என்று கேட்டார்.

வாழைச்சேனைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'எல்' இருக்கும். தமிழ்நாட்டில் கழகம் என்று எழுதும்போது 'இசட் எச்' வரும். ஒரே எழுத்துக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வழக்கம், அந்தப் பக்கம் ஒரு வழக்கம். திருத்தம் தொலைபேசியில் போய், புதிய பட்டியல் வந்து, பெரியம்மா உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆனது. கப்பலை விடவில்லை. விட்டிருந்தால் மட்டக்களப்புக்கு இன்னொரு ராத்திரி பஸ்.

அன்றைக்கு அந்த வாசலில் நின்று யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கப்பல் பயணத்தில் கடவுச்சீட்டுப் பரிசோதனை கவுண்டரில் தொடங்குவதில்லை. டிக்கெட்டில் பெயரைத் தட்டும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. கவுண்டரில் நடப்பது அதன் கடைசிப் பகுதி. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு இது முக்கியமான விஷயம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வாசலில் திரும்பினால் ஓட்டோவில் வீட்டுக்குப் போய் அடுத்த கப்பலுக்கு வரலாம். கல்முனைக்காரருக்கோ அக்கரைப்பற்றுக்காரருக்கோ அது நடவாது.

பட்டியலிலிருந்தே தொடங்குவோம். நாடு விட்டு நாடு போகும் கப்பல் ஒவ்வொன்றும் தான் ஏற்றிவரும் பயணிகளின் பெயர்ப்பட்டியலை மறுகரைத் துறைமுகத்துக்குக் கொடுக்க வேண்டும். சர்வதேச கடல்சார் அமைப்பின் கீழ் 1965இல் உருவான ஓர் உடன்படிக்கை கப்பல்களுக்கென்று பொதுவான படிவங்களை வகுத்தது. அதில் ஆறாவது படிவம் பயணிகள் பட்டியல். பெயர், நாடு, பிறந்த தேதி, ஆவண இலக்கம், ஏறும் துறை, இறங்கும் துறை எல்லாம் அதில் வரும். 2004 ஜூலை 1 முதல் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பாதுகாப்பு விதிக்கோவை ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. துறைமுகத்துக்குள் யார் போகலாம், எந்தப் பை எங்கே சோதிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அதன்படிதான். விமான நிலையம் போலவே கப்பல்துறையிலும் வேலியும் ஸ்கேனரும் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் கப்பல்காரர். சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறங்க விடவில்லை என்றால், அந்த ஆளைத் திருப்பிக் கொண்டுவருவது அவர் தலையில்தான் விழும். அதனால்தான் அரச அதிகாரி பார்க்கும் முன்பே கப்பல் கம்பனியின் ஆள் கடவுச்சீட்டையும் விசாவையும் புரட்டிப் பார்க்கிறார். பலர் அந்த இளைஞரோடு சண்டைக்குப் போகிறார்கள். 'நீ யார் என் விசாவைக் கேட்க' என்று ஒரு ஐயா அன்றைக்கும் சத்தம் போட்டார். அவர் கேட்காமல் ஏற்றினால், கஷ்டம் மறுகரையில் ஐயாவுக்குத்தான் வரும்.

இனி உங்கள் கடவுச்சீட்டைத் திறந்து, படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரிகள் இருக்கும். அம்புமுனை மாதிரிக் குறிகள் நிறைந்து, வாசிக்க முடியாத கிறுக்கல் போலத் தெரியும். அது இயந்திரம் வாசிக்கும் பகுதி. வரி ஒன்றுக்கு 44 எழுத்திடங்கள். உலகம் முழுக்க இதே அளவுதான், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. விமானத்துக்கென்று செய்த ஒழுங்கு கப்பல்துறையிலும் அப்படியே வேலை செய்கிறது. முதல் வரியில் முதல் ஐந்து இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறிக்கும் போய்விடும். இலங்கைக்கு 'எல் கே ஏ'. மிச்சம் 39 இடங்களுக்குள் உங்கள் முழுப் பெயரும் அடங்க வேண்டும். முதலில் குடும்பப் பெயர், அடுத்து இரண்டு அம்புமுனைகள், பிறகு மற்றப் பெயர்கள்.

நம் பெயர்களுக்கு இங்கேதான் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரையோ புருஷன் பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டுச் சமாளிக்கிறோம். சிவபாதசுந்தரம் மகன் கமலேஸ்வரநாதன் என்றால் அந்த இரண்டு பெயரே 39 இடத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். இன்னொரு பெயரும் சேர்ந்தால் இடம் எங்கே போதும்? வெட்டுவார்கள். அந்த இரண்டு வரியில் பெயர் வெட்டுப்படுவது பிழையல்ல, விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் டிக்கெட் எடுக்கும் ஏஜென்ட் மேலே அச்சிட்ட பெயரைப் போடாமல், நாம் ஊரில் அழைக்கும் பெயரைப் போட்டால் அது பிழை. 'கமல்' என்று டிக்கெட், 'கமலேஸ்வரநாதன்' என்று கடவுச்சீட்டு. பட்டியலோடு நிற்பவர் என்ன செய்வார், பாவம்.

இரண்டாவது வரி இன்னும் நுட்பமானது. கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனியாக ஓர் இலக்கம் ஒட்டியிருக்கும். அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். பெரியம்மாவின் தேதி வேண்டாம், ஓர் உதாரணத்துக்கு 1972 ஏப்ரல் 15இல் பிறந்தவர் என்று வைப்போம். வரியில் அது 720415 என்று வரும். முதல் இலக்கத்தை 7ஆல், அடுத்ததை 3ஆல், அடுத்ததை 1ஆல் பெருக்கி, திரும்பவும் 7, 3, 1 என்று போக வேண்டும். 49, 6, 0, 28, 3, 5. கூட்டினால் 91. பத்தால் வகுத்தால் மீதி 1. ஆகவே தேதிக்குப் பின்னால் 1 இருக்க வேண்டும். யாரோ கைதவறி 720451 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 99 ஆகும், மீதி 9. இயந்திரம் உடனே பிடித்துவிடும்.

இலக்கத்துக்கு இப்படி ஒரு காவல் இருக்கிறது. பெயருக்கு இல்லை. பெயர் வரியில் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது. 'எல்'லுக்கும் 'இசட் எச்'சுக்கும் நடுவில் பெரியம்மா முக்கால் மணி நேரம் நின்றதற்குக் காரணம் இதுதான். பெயர் ஒத்துப்போகிறதா என்று முடிவெடுப்பது மனிதக் கண்.

இந்தக் கடல் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இரு பக்கமும் ரயில், நடுவில் கப்பல், எல்லாம் ஒரே தொடர். போட் மெயில் என்றார்கள். மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் இரவுக் கோச்சியில் ஏறி, மாகோ சந்தியில் இறங்கி, வடக்கே போகும் ரயில் பிடித்து, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போவார்கள். கிழக்குக்கு அது நேரான வழியல்ல. ஆனால் தொடர்ச்சியான வழி.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சென்னைக்கும் இங்கேயும் எத்தனை தடவை போய்வந்திருப்பார்! மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மடத்தில் துறவறம் ஏற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். இரு கரையும் பிரித்தானிய ஆட்சிக்குள் இருந்த காலம் அது. 1947இல் அவர் காலமானார். 'விசா எங்கே' என்று இந்தக் கடலில் ஒருவர் கேட்கும் காலத்தை அவர் காணவில்லை. சோதனையே இருக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் நாட்கணக்காக வைக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் கேட்ட கேள்வி 'உனக்கு நோய் இருக்கிறதா' என்பது. பிறகு வந்த கேள்வி 'நீ எந்த நாட்டவன்' என்பது.

அந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். 1949 நவம்பர் 1 முதல் நடைமுறை. நாட்டுக்குள் வருவதும் வெளியே போவதும் அங்கீகரிக்கப்பட்ட துறைகளினூடாக மட்டுமே என்பது அதன் அடிப்படை. இன்றைக்கும் அந்தச் சட்டம்தான். போர்க்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி இராமேசுவரம் போனவர்கள் எந்த அங்கீகரிக்கப்பட்ட துறையிலும் சீல் அடித்துக்கொண்டு போகவில்லை. அதனால் திரும்பி வரும்போது 'எப்படிப் போனாய்' என்ற கேள்வி அவர்களுக்கு முன்னால் நிற்கிறது. 2025இல் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு முதியவர் இதே காரணத்துக்காகக் கைது செய்யப்பட்டார். குண்டுக்குப் பயந்து ஓடியவரிடம் வெளியேறும் சீல் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் அந்த இடத்தில் திருத்தப்பட்டாக வேண்டும்.

கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பல் 1980களின் முற்பகுதியில் போரோடு நின்றது. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஒரு கப்பல் சில மாதம் ஓடி நின்றுபோனது. 2023 அக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாளில் மழைக்காலம் வந்து அதுவும் நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம், 150 பேர்.

ஒரு போய்வருதலுக்கு நாலு சீல். காங்கேசன்துறையில் வெளியேறும் சீல், நாகபட்டினத்தில் உள்வரும் சீல், திரும்பும்போது அங்கே ஒன்று, இங்கே ஒன்று. ஏன் இப்படி இரண்டு பக்கமும் தனித்தனியாக என்று பெரியம்மா கேட்டார். நல்ல கேள்வி. வெளியேறும் இடத்தில் பார்ப்பது இந்த ஆள் போகலாமா என்பதை. நீதிமன்றத் தடை இருக்கிறதா, கடவுச்சீட்டு இவருடையதுதானா என்று இலங்கை அதிகாரி பார்க்கிறார். உள்வரும் இடத்தில் பார்ப்பது இந்த ஆள் வரலாமா என்பதை. விசா சரியா, எத்தனை நாள் தங்கலாம் என்று இந்திய அதிகாரி பார்க்கிறார். ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்க முடியாது.

ஆனால் இரண்டையும் ஒரே கரையில் செய்ய முடியும். லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் காரோடு டோவர் போய்க் கப்பலேறி, கலே வழியாகப் பாரிஸ் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். அவர்களுக்கு இது தெரியும். டோவரிலேயே பிரெஞ்சு அதிகாரி நின்று கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார். கலேயில் இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பும்போது கலேயில் பிரித்தானிய அதிகாரி நிற்பார். 2003இல் இரு நாடும் செய்த உடன்படிக்கையின்படி நடக்கும் ஒழுங்கு அது. ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையில் ஓடும் கப்பலிலோ 2007 டிசம்பர் முதல் எல்லைப் பரிசோதனையே வழக்கத்தில் இல்லை. பின்லாந்தும் எஸ்தோனியாவும் ஷெங்கன் நாடுகள், தமக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒத்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அது.

நம் கடலில் ஷெங்கன் மாதிரி ஒன்று வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மீனவர் பிரச்சினையும் கடத்தலும் இரண்டு கடற்படைகளும் இருக்கும் நீரிணை இது. ஆனால் டோவர் மாதிரி ஒன்று வரலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். நாகபட்டினத்தில் இறங்கி வரிசையில் நின்று விசாவில் சிக்கல் என்று தெரிவதைவிட, காங்கேசன்துறையிலேயே தெரிந்துவிட்டால் கடலைத் தாண்டிய பிறகு திருப்பி அனுப்பப்படும் கொடுமை இருக்காது. ஒருநாள் இரு அரசும் பேச வேண்டிய விஷயம்.

வரிசை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கப்பலில் 150 பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கவுண்டர் மூன்று என்று வையுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம். கடைசி ஆள் வெளியே வர 100 நிமிடம். ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் கூடினால் அதோடு இன்னும் 25 நிமிடம். நாலு மணி நேரக் கடற்பயணத்துக்குப் பிறகு நூறு நிமிடம் நிற்பது வயதானவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. அந்த அரை நிமிடம் எங்கே கூடுகிறது? படிவத்தில் தங்குமிட முகவரி இல்லாமல், 'நாகூரில, தம்பி, தெரிஞ்ச வீடு' என்று சொல்லும்போது. விசாத் தாளைப் பையின் அடியில் வைத்துவிட்டுத் தேடும்போது. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பும் முறையை இந்தியா கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் இருந்தே பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது.

விசா பற்றி இரண்டு விஷயம். இந்திய இ-விசா எல்லா வாசலுக்கும் செல்லாது. குறிப்பிட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும் அடங்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள வாசலால்தான் உள்ளே போகலாம். வெளியே வரும்போது எந்தக் குடிவரவுச் சாவடியாலும் வரலாம். ஆகவே கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பு இந்திய அரசின் விசாத் தளத்தில் அந்தப் பட்டியலைத் திறந்து துறைமுகப் பெயரைக் கண்ணால் பாருங்கள். ஏஜென்ட் 'ஓம், ஓம், பிரச்சினையில்ல' என்று சொன்னால் போதாது.

மற்றது நாட்கணக்கு. வாடைக்காற்று எழும்பினால் இந்தக் கடலில் கப்பல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் வள்ளங்களைக் கரையேற்றி வைக்கிறோமே, அதே காற்றுத்தான். கப்பல் நின்றால் டிக்கெட் பணம் திரும்பலாம், தேதி மாறலாம். விசாவின் கடைசி நாள் மாறாது. திரும்பும் கப்பலை விசா முடியும் நாளுக்கு முதல் நாள் என்று போட்டவர்கள், கப்பல் ரத்தானால் திருச்சிக்கு ஓடி விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் கூடினாலும் அது அனுமதி கடந்த தங்கல்தான், அடுத்த விசாவில் அது நிற்கும். ஒரு கிழமையாவது இடைவெளி விட்டுப் போடுங்கள்.

சீல் அடித்துக் கையில் தந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன் அந்தத் தேதியை ஒருமுறை பாருங்கள். உள்வந்த சீல் தெளிவில்லாமல் இருந்தால் வெளியேறும் நாளில் விளக்கம் சொல்லவேண்டியது நீங்கள்தான். அந்த இடத்தில் நின்று பணிவாகக் கேட்டால் திருத்துவார்கள்.

காத்தான்குடியிலும் கல்முனைக்குடியிலும் நாகூர் போக ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேற்றி வளர்ந்த ஊர் அது. நாகபட்டினத் துறைமுகத்திலிருந்து நாகூர் கூப்பிடு தூரம், வேளாங்கண்ணியும் பக்கம். கொழும்பு போய்ச் சென்னைக்குப் பறந்து அங்கிருந்து பஸ்ஸில் வருவதைவிடக் கப்பல் எவ்வளவோ நேர் வழி. அதனால்தான் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஓர் இடத்தில், பயணத்துக்குச் சில நாள் முன்பே ஆவணத்தையும் டிக்கெட் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தரும் மேசை ஒன்றைக் கப்பல் நடத்துபவர்கள் வைக்க வேண்டும் என்கிறேன். ஒரு கணினியும் ஓர் ஆளும் போதும். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுபிடிக்கும் பிழையை இங்கேயே கண்டுபிடிக்கலாம்.

பெரியம்மா பத்தாம் நாள் திரும்பி வந்தார். பஸ்ஸில் கடவுச்சீட்டை விரித்து நாலு சீலையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை, பக்கத்து வீட்டு யாழினிக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது, பதினைந்து. 2017க்குப் பிறகு வந்த புதிய அட்டையில் பெயர் மூன்று மொழியிலும் வரும், கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த அட்டையைக் கேட்பார்கள். பிள்ளை திண்ணையில் இருந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வேலியோரம் நின்று கேட்டார்:

"புள்ள, அந்த ழானாவுக்கு இங்கிலீசில என்ன எழுத்துப் போட்ட?"

"எல்தான் அம்மம்மா. பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பிலயும் அதுதான்."

"சரி. மறுகா ஒரு இடத்திலயும் மாத்திப் போடாத."